வாத்து சாப்பிட நாவலூருக்கு

சீனாவில், குவாங்சௌ நகரத்தில் பதினோரு வருஷமாகக் குடியிருப்பவள் சீனச் சாப்பாடு சாப்பிடுவதற்காகத் தாம்பரம் பக்கம் வந்தாள் என்று சொன்னால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் நடந்தது அதுதான். என் அண்ணன் கன்னியப்பனுக்கு நாக்கில் புற்றுநோய். புதன்கிழமை அறுவை சிகிச்சை என்று நாள் குறித்திருந்தார்கள். நாக்கில் பெரும்பகுதியை எடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம் மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் சாப்பாடு. தேறி வந்தால் கரைத்துக் குடிக்கலாம். ருசி திரும்புமா என்று கேட்டதற்கு மருத்துவர் பேச்சை மாற்றிவிட்டாராம். அன்று சாயங்காலமே அண்ணன் எனக்கு போன் செய்தார்.

"அமுதா, அதுக்கு முன்னால ஒரே ஒரு வாட்டி அந்த வாத்து சாப்ட்டுடணும்."

எந்த வாத்து என்று நான் கேட்கவில்லை. பல்லாவரத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை கற்றுக்கொண்டு, அங்கிருந்து குவாங்சௌவுக்குப் போய், செருப்புக்கும் பைக்கும் வருகிற தோலைத் தரம் பார்ப்பது என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை தோறும் அண்ணனோடு வீடியோவில் பேசிக்கொண்டே கடைத்தெருவில் நடப்பேன். கண்ணாடிக்குப் பின்னால் வாத்துகள் வரிசையாகத் தொங்கும். "நில்லு, நில்லு, அத்த இன்னொரு தபா காட்டு" என்பார். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். ஆணி, பெயின்ட், பைப் என்று காலையிலிருந்து இரவு வரை கடையிலேயே கிடப்பார். அடுத்த வருஷம் வருகிறேன், அடுத்த வருஷம் வருகிறேன் என்று பாஸ்போர்ட் கூட எடுத்துவிட்டார். அதில் ஒரு முத்திரையும் விழவில்லை.

இப்போது சீனாவுக்குப் போக நாள் இல்லை. நாவலூரில் ஒரு பெரிய சீன உணவகம் திறந்திருக்கிறது, வாத்து அங்கே கிடைக்கும் என்று தெரிந்ததும் நான் விமானம் ஏறிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் வீடு வந்து சேர்ந்தேன். கடைக்கு மேல்மாடிதான் வீடு. அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றேன். கன்னம் ஒட்டி, சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தொளதொளவென்று கிடந்தது. பேசும்போது அவர் வார்த்தைகள் வாய்க்குள்ளேயே வழுக்கின. "இன்னா அப்டி பாக்கற? தோல் எந்த கிரேடு?" என்று கேட்டார். ரிஜெக்ட்தான் என்றேன். இருவரும் சிரித்தோம், பிறகு நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அண்ணி தேவகி எனக்கு இலை போட்டார். அண்ணனுக்கு இட்லியைப் பாலில் கரைத்துக் கொடுத்தார். மிளகாய் பட்டால் துடித்துப்போவார் என்று இரண்டு மாதமாக அந்த வீட்டில் காரமே இல்லை. நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அண்ணி நின்றுகொண்டே இருந்தார். இது புதிதல்ல. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அவர் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. எல்லோரும் கை கழுவின பிறகு சமையலறைக்குள் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சத்தமில்லாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார். என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று எனக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலையில், "கூட வாயேன் அமுதா, சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் போய் கும்புட்டு வந்துரலாம்" என்றார் அண்ணி. தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி பிடித்தோம். பெண்கள் பெட்டியில் பாதிப் பேர் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குவாங்சௌ மெட்ரோவில் பக்கத்தில் இருப்பவர் செத்துப்போனாலும் யாரும் திரும்ப மாட்டார்கள். இங்கே வண்டலூர் தாண்டுவதற்குள் எதிரே இருந்த அம்மாள் அண்ணியின் முகத்தைப் பார்த்து, "வூட்ல யாருக்குமா ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டுவிட்டார். முன்பின் தெரியாதவளிடம் என்ன கேள்வி இது என்று எனக்குச் சுருக்கென்றது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். தோலைப் பார்த்துத் தரம் பிரிப்பவளுக்குப் பொறுமை அதிகம் என்று நினைப்பவர்கள் என்னோடு வேலை செய்ததில்லை. ஆனால் அண்ணி, என்னிடம் கூடச் சொல்லாததையெல்லாம் அந்த அம்மாளிடம் சொன்னார். இரவில் அண்ணன் தூக்கத்தில் முனகுவது, தலையணையில் ரத்தம் படிவது, எல்லாம். கூடுவாஞ்சேரியில் அந்த அம்மாள் எழுந்தபோது பையிலிருந்து கொய்யாப்பழம் ஒன்றை எடுத்து அண்ணியின் மடியில் வைத்துவிட்டு, "பெருமாள் வுட மாட்டாரு" என்று சொல்லி இறங்கிப்போனார்.

பாறையைக் குடைந்த சன்னதியில் நரசிம்மர். பட்டர் தீபத்தைக் கிட்டே கொண்டுபோய், நாமத்தை மெல்லத் தூக்கி, நெற்றிக்கண்ணைக் காட்டினார். கூட்டம் மொத்தமும் எட்டிப் பார்க்கிறது, அண்ணி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு தூரம் வந்து பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் என்ன அண்ணி என்று வெளியே வந்து கேட்டேன். "நான் பேசிகினு இருந்தேன்" என்றார். மலையைச் சுற்றி வரும்போது ஒரு மரத்தடியில் நின்று, முந்தானையில் முடிந்திருந்த மஞ்சள் துணியை அவிழ்த்துக் கிளையில் கட்டினார்.

"என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"அத்த வெளிய சொல்லக் கூடாது. நடந்தப்புறம்தான் சொல்லணும்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது, எனக்கும் தெரியும். வேண்டுதலை வாய் திறந்து சொன்னால் பலிக்காது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு நாவலூர். அண்ணன் காலையிலேயே வேட்டி மாற்றி, வெள்ளைச் சட்டை போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு தயாராகிவிட்டார். கல்யாணத்துக்கா போகிறோம் என்றேன். "பின்ன? சீனாவுக்குப் போறமே" என்றார். வாடகைக் கார் ஒன்று வருகிறேன் என்று சொல்லி வரவில்லை, இன்னொன்று எங்கே போகணும் என்று கேட்டுவிட்டுத் துண்டித்தது. கடைசியில் சந்திப்பில் வண்டி நிறுத்தும் ஆட்டோக்காரர் கோபியே வந்து நின்றார். "அண்ணனுக்கு நான் வராம வேற எவன் வருவான்?" அண்ணி ஒரு கட்டைப் பையோடு ஏறினார். உள்ளே தண்ணீர் பாட்டில், துண்டு, குழையப் பிசைந்த தயிர் சாதம். பெரிய ஓட்டலுக்குள் தயிர் சாதமா என்று முணுமுணுத்தேன். அண்ணி காதில் வாங்கவில்லை.

மேடவாக்கம் நெரிசலைத் தாண்டி, சோழிங்கநல்லூரில் மெட்ரோ வேலைக்கு அடைத்த தகர வேலிகளுக்கு நடுவே ஊர்ந்து, ஒருவழியாகப் பழைய மகாபலிபுரம் சாலையில் திரும்பினோம். செம்மஞ்சேரி பக்கம் ஆட்டோ இருமிவிட்டு நின்றது. கேஸ் தீர்ந்துபோச்சு. கோபி தலையைச் சொறிந்துகொண்டு, "நேத்தே போட்டிருக்கணும்ணா, பேஜாரா பூடுச்சு" என்று சொல்லிவிட்டு, பின் சீட் காலியாக வந்த ஒரு பைக்கை நிறுத்தித் தொற்றிக்கொண்டு வேறு வண்டி பார்க்கப் போனார். எனக்கு வந்த கோபத்தில் நடந்தே போய்விடலாம் போலிருந்தது. அண்ணனோ மெட்ரோ தூணின் நிழலில் நின்று அண்ணாந்து பார்த்து, "ஒவ்வொரு தூணுக்கும் இன்னா கம்பி போட்டுகீறான் பாரு தேவகி" என்று அண்ணிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எந்தக் கம்பி, எந்த அளவு, வளைக்கும்போது எங்கே விரிசல் விடும் என்று. பேசப் பேச வாயோரம் எச்சில் வழிந்தது. அண்ணி துண்டால் துடைத்துவிட்டு, "உம்" கொட்டிக்கொண்டிருந்தார். இன்னும் மூன்று நாளில் இந்தப் பேச்சு நின்றுவிடும் என்பது அங்கே நின்ற மூவருக்குமே தெரியும். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

கோபியின் நண்பர் ஒருவர் இன்னொரு ஆட்டோ கொண்டுவந்து எங்களை ஏற்றிப் போனார்.

உணவகம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்தது. லிஃப்ட் திறந்ததும் இருட்டு. கறுப்புக் கல் தரை, மூங்கிலால் பின்னிய கூரை, ஒவ்வொரு மேசைக்கும் தலைக்கு மேல் ஒரே ஒரு சின்ன விளக்கு, சுவரோரம் சத்தமில்லாமல் வழியும் தண்ணீர். குவாங்சௌவில் சாப்பாட்டுக் கடை என்றால் ட்யூப்லைட்டும் கூச்சலுமாக இருக்கும். குழந்தைகள் ஓடும், கிழவர்கள் சண்டை போடுவார்கள், எலும்பை மேசைமேல் துப்புவார்கள். இங்கே எல்லோரும் குசுகுசுவென்று பேசினார்கள். இது சீனா இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் கூரையைப் பார்த்து, "சோக்கா கீதே" என்றதும் வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் மேசைக்குப் பரிமாற முப்பது வயதிருக்கும் ஒரு பெண் வந்தார். அண்ணன் நேராகவே கேட்டுவிட்டார். "நீ சீனாவாமா?" எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. அந்தப் பெண் கோபப்படவில்லை.

"மிசோரம் சார். பேரு ரினி. எட்டு வருஷமா மேடவாக்கம். தண்ணி லாரிக்காரங்களோட சண்ட கூட போட்டாச்சு."

"அப்ப நம்ம ஊருதான்" என்றார் அண்ணன், திருப்தியாக.

ரினி மல்லிகைத் தேநீரைச் சிறு கிண்ணத்தில் ஊற்றியதும் அண்ணன் இரண்டு விரலை மடக்கி மேசையில் மெல்லத் தட்டினார். ரினிக்குப் புரியவில்லை. குவாங்சௌவில் தேநீர் ஊற்றியவருக்கு அப்படித்தான் நன்றி சொல்வார்கள், வாயில் உணவு இருக்கும்போது பேச வேண்டியதில்லை. எப்போதோ போனில் நான் சொன்னதை இவர் மறக்காமல் வைத்திருக்கிறார். "நன்றிம்மா, அவ்ளோதான்" என்று அண்ணன் விளக்கினார். ரினி இன்னொரு முறை ஊற்றி இன்னொரு முறை தட்ட வைத்தார். அண்ணி தன் கிண்ணத்தை முகர்ந்து, "பால் கொண்டாருவாங்களா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

வட்ட மேசை. நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு. பூசணி சூப் வந்தது, ஆவியில் வெந்த சோயாப்பால் கட்டி, டோஃபு, வந்தது. வந்ததும் அண்ணி எழுந்துவிட்டார். ரினியின் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு அண்ணனுக்கு ஊற்றினார், சுற்றி நடந்து வந்து எனக்கு ஊற்றினார். மேசை சுழல வேண்டியதற்குப் பதில் அண்ணி சுழன்றுகொண்டிருந்தார். நான் உட்காருங்கள் என்கிறேன், ரினி நான் பார்த்துக்கிறேன்கா என்கிறார், மேனேஜர் வந்து ஏதாவது குறையா மேடம் என்கிறார். பக்கத்து மேசையில் ஒரு பெண் தன் கணவனிடம் இந்தியில், "நம்ம அம்மாவும் இப்படித்தான்" என்று சொல்வது கேட்டது. அண்ணி வெட்கத்தோடு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். கிண்ணத்தில் சூப் அப்படியே இருந்தது.

அண்ணன் டோஃபுவை ரசித்து விழுங்கினார். காரமில்லை, மெதுவாக இருந்தது, வலிக்கவில்லை. எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன். வாத்திலும் மிளகாய் கூடாது, நெஞ்சுப் பகுதியிலிருந்து மெல்லியதாகச் சீவ வேண்டும் என்று சமையற்காரரிடமே சொல்லியிருந்தேன்.

சக்கர மேசையில் வாத்து வந்தது. சமையற்காரர் வெள்ளைக் கையுறையோடு கூடவே வந்தார். செந்தேன் நிறத்தில் தோல், ஒரு கீறல் இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. என் விரல் தானாகவே அதைத் தொட்டுப் பார்க்க நீண்டது, தொழில் புத்தி. கத்தி இறங்கியபோது மொறுமொறுவென்று கேட்டது. அண்ணன் இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு இமைக்காமல் பார்த்தார். ரினி மெல்லிய ரொட்டியில் வாத்துத் துண்டு, வெள்ளரி, வெங்காயத்தாள், கறுப்பு சாஸ் எல்லாம் வைத்துச் சுருட்டி அண்ணன் தட்டில் வைத்தார்.

அண்ணி தன் கையை அந்தத் தட்டின் மேல் வைத்து மூடினார்.

"வேணாங்க."

"இன்னா தேவகி?"

"வேணாம். நான் வேண்டிகினேன்."

அண்ணி குனிந்த தலையோடு சொன்னார். நேற்று சன்னதியில், அவரை நல்லபடியா திருப்பிக் குடு, இனிமேல் அவர் நாக்குல கவுச்சி படாது என்று சொல்லிவிட்டாராம். நேற்றே, அந்த நிமிஷத்திலிருந்தே. வெளியே சொல்லக் கூடாதென்று சொல்லவில்லை. இங்கே வந்தால் சைவமும் இருக்கும், எப்படியாவது பேச்சை மாற்றி அதைச் சாப்பிட வைத்துவிடலாம் என்று நினைத்திருந்தாராம். அவர் இவ்வளவு ஆசையாகச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியபோது தடுக்க வாய் வரவில்லையாம்.

நான் கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும், குரலை எவ்வளவு அடக்கினாலும். "அண்ணி, இதுக்காகத்தான் நான் அவ்ளோ தூரத்திலிருந்து வந்திருக்கேன். ஒரு வாய். அதுக்கப்புறம் அவருக்கு வாயே இருக்காது. நாளையிலிருந்து வேண்டிக்கக் கூடாதா? சாமி இதையெல்லாமா பாத்துகிட்டு இருக்கும்?"

"சாமி பாக்குதோ இல்லியோ, நான் பாப்பேன்" என்றார் அண்ணி. "புதன்கிழமை உள்ள இஸ்துகினு போவாங்க. கதவ மூடிடுவாங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு இந்த வாத்துதான் ஞாபகம் வரும். சாவற வரைக்கும் இதுதான் ஞாபகம் வரும்."

சமையற்காரர் கத்தியைப் பிடித்தபடி நின்றார். மேனேஜரிடம் ஆங்கிலத்தில், பேசிக்கொண்டே இருந்தால் ஆறிப்போகும், ஆறினால் தோல் தொய்ந்துவிடும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். ரினி அவர் கையைத் தொட்டு, கொஞ்சம் பொறுங்கள் என்றார்.

அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரும்பினால் சாப்பிட்டிருக்கலாம். அண்ணி அவர் பேச்சை மீறியதே இல்லை. எனக்கு அண்ணிமேல் அப்படியொரு கோபம், அண்ணனுக்காக அப்படியொரு வேதனை, இரண்டும் சேர்ந்து கண் மங்கியது. அண்ணன் அண்ணியின் கையை மெல்ல எடுத்து விலக்கினார். சுருட்டிய ரொட்டியை எடுத்தார். சாப்பிடப் போகிறார் என்றே நினைத்தேன். அதைச் சுழல்தட்டின் மேல் வைத்து, ஒரு விரலால் தள்ளினார். தட்டு மெதுவாகச் சுழன்று அண்ணியின் முன்னால் வந்து நின்றது.

"வேண்டுதல் எனக்குதான? உனக்கு இல்லியே. நீ சாப்டு."

"நானா?"

"சாப்ட்டு எப்டி கீதுன்னு சொல்லு. ஒண்ணு வுடாம சொல்லணும்."

அண்ணி என்னைப் பார்த்தார், ரினியைப் பார்த்தார். கணவன் சாப்பிடாமல் எதிரே உட்கார்ந்திருக்க, நாலு பேர் பார்க்க, அவர் எப்படி வாய் வைப்பார்? "எனக்கு வேணாங்க" என்றார். "நீ வேண்டிகினத நான் கேக்கறேன். நான் சொல்றத நீ கேளு" என்றார் அண்ணன். குரலில் அதட்டல் இல்லை.

அண்ணி முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு ஒரு ஓரம் கடித்தார். முழுங்கினார்.

"நல்லா கீது."

"அது எனக்குத் தெரியாதா? எப்டி நல்லா கீது?"

அண்ணி இன்னொரு வாய் கடித்தார். இந்த முறை முந்தானை கீழே இறங்கியது. யோசித்தார். "மேல அப்பளம் மாதிரி நொறுங்குது. உள்ள அப்டியே கரைஞ்சி போவுது. நம்ம வாத்து மாதிரி கவுச்சி வாடை இல்ல. இனிப்பு கீது, ஆனா வெல்லம் இல்ல... பேரீச்சம்பழம் மாதிரி ஒரு இனிப்பு. நடுவுல வெங்காயத்தாள் சுள்ளுனு வருது. அது வரலன்னா தெகட்டிப் போயிருக்கும்."

"புகை வாசன?"

"கீது. லேசா. வெறகு அடுப்புல தீ அணைச்சப்புறம் வருமே, அது."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வாய் தானாக மென்றது. ரினி இன்னொரு ரொட்டியில் வாத்தை விட்டுவிட்டு வெள்ளரியும் தாளும் சாஸும் மட்டும் வைத்துச் சுருட்டி அண்ணன் முன்னால் வைத்தார். "சாஸ்ல கறி கெடயாது சார், பீன்ஸ்லதான் பண்றது." அண்ணன் அதைச் சின்னச் சின்னதாகக் கிள்ளித் தின்றார். அண்ணி சொல்லச் சொல்ல இவர் தின்றார். அண்ணி மூன்றாவதையும் தானே எடுத்தார். தொடைப்பகுதி பிடிக்கவில்லை, நெஞ்சுதான் பிடித்திருக்கிறது என்றார். டோஃபு சப்பென்று கிடக்குதாம். எனக்கு அவரைத் தெரிந்த இத்தனை வருஷத்தில், ஒன்று பிடிக்கவில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

குவாங்சௌவில் எத்தனையோ வாத்து சாப்பிட்டவள் நான். அன்று என் தட்டில் இருந்தது ஆறிப்போனது. நான் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது அண்ணி ஆட்டோவில் தூங்கிவிட்டார். திறக்காத தயிர் சாதப் பை மடியில் இருந்தது. அண்ணன் என் பக்கம் சாய்ந்து, கேட்பதற்காக நான் காதைக் கொடுக்க வேண்டியிருந்தது, சொன்னார்: "இவ சாப்டறத இன்னைக்குதான் பாத்தேன் அமுதா. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி மெல்றா. எனக்குத் தெரியாது பாரு."

திங்கட்கிழமை அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புதன்கிழமை காலையில் கதவை மூடினார்கள். அண்ணி அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்தவர், இருட்டிய பின் கதவு திறந்து, நல்லபடியாக முடிந்தது என்று மருத்துவர் சொல்லும்வரை எழவில்லை. நாக்கின் அடிப்பகுதி கொஞ்சம் மிச்சம். அதைக் கேட்டதும் அண்ணி கையைத் தூக்கி, சிங்கப்பெருமாள் கோவில் எந்தத் திசை என்று தெரியாமல் எல்லாத் திசையிலும் கும்பிட்டார்.

சில நாளில் அண்ணனை வார்டுக்கு மாற்றினார்கள். கழுத்தில் கட்டு, மூக்கில் குழாய். நர்சு சொல்லிக்கொடுத்தபடி அண்ணி கஞ்சித் தண்ணீரைக் குழாயில் ஊற்றுவார். அண்ணன் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். முகத்தில் எதுவும் இருக்காது. அண்ணி தன் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வராந்தாவின் கோடிக்குப் போய்விடுவார். சாப்பிட முடியாத மனுஷன் எதிரே எப்படி அமுதா, பாவம் இல்லியா என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. நானும் கான்டீனில்தான் சாப்பிட்டேன்.

நான் குவாங்சௌவுக்குத் திரும்ப வேண்டிய நாளுக்கு முந்தின காலை. கஞ்சி ஊற்றி முடித்து, அண்ணி டிபன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். அண்ணன் அவர் புடவையைப் பிடித்துக்கொண்டார். அண்ணி விடுவிக்கப் பார்த்தார், அவர் விடவில்லை. கட்டிலின் குறுக்கே இருந்த சின்ன மேசையைக் காட்டினார். பொட்டலத்தைக் காட்டினார். பிறகு அண்ணியின் வாயைக் காட்டி, தன் காதைத் தொட்டார்.

அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு துண்டு இட்லியைச் சாம்பாரில் தோய்த்து வாயில் போட்டார். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, அவர் துடைக்கவில்லை. மென்று முழுங்கினார்.

"இட்லி கல்லு மாதிரி கீது. நேத்து மாவு. சாம்பார்ல பெருங்காயம் தூக்கல், முருங்கக்காய் முத்தல். சட்னி மட்டும் பரவால்ல, தேங்கா புதுசு, ஆனா இஞ்சி போட மறந்துட்டான்."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அண்ணி அடுத்த வாய் எடுத்தார். அண்ணன் இரண்டு விரலை மடக்கி, மேசையின் தகட்டில் மெல்ல இரண்டு முறை தட்டினார்.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அண்ணி சாப்பிட்டார்.